லாச்சியில் இல்லாதவர்கள்

1957 ஜனவரி 8, செவ்வாய்

இன்றும் மூன்று கடிதம். மூன்றும் பிரஜாவுரிமை விசாரணைக் கந்தோரிலிருந்து. இன்னார், இன்ன வில்லை இலக்கம், உங்கள் கம்பனியில் 1939 தொடக்கம் 1946 வரை வேலை செய்தாரா? உண்டு. உண்டு. இல்லை. பத்து மணிக்கு முன்னமே வேலை முடிந்துவிட்டது.

கப்பல்களுக்குத் தண்ணீரும் கரியும் ஏற்றிய ஒருவனையும் எங்கள் கம்பனி பெயரால் அறிந்ததில்லை. நாற்பது முருகேசும் முப்பது சரீப்பும் இருந்தால் எந்தத் துரைதான் பெயரை நினைவில் வைப்பான்? ஆளுக்கொரு பித்தளை வில்லை, வில்லையில் ஓர் இலக்கம், அந்த இலக்க ஒழுங்கில் ஆளுக்கொரு கார்ட். மர அலுமாரியில் இருபத்துநாலு இழுப்பு லாச்சி. லாச்சியை இழுத்தால் என் விரல் நேரே கேட்ட இலக்கத்தில் போய் நிற்கும். பக்கத்துக் கார்ட்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன். தலைமைக் கிளாக்கர் கோணாமலை இன்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பாக்கியம், நீர் மனிசனோ மிசினோ?" என்றார். முகத்தில் காட்டவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜை ஆவதென்றால் அந்த ஏழு வருடமும் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். கடிதங்களைப் பார்த்தால், திருகோணமலையில் கால் வைத்த எல்லாருமே எங்கள் கம்பனியில்தான் வேலை செய்தார்களாம்! பொய்யர்களும் கலந்து வருகிறார்கள். அதற்குத்தானே லாச்சி இருக்கிறது.

ஜனவரி 11, வெள்ளி

மத்தியானம் அபூதாஹிர் கடை. வெள்ளிக்கிழமை நான் மீன் தொடமாட்டேன் என்று எனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் பருப்பும் கத்தரிக்காயும் வைப்பார். அந்தச் சட்டியில் வேறெதுவும் காய்ச்சுவதில்லை. என் மனைவி இரத்தினேஸ்வரி செத்த வருடம் தொடங்கிய பழக்கம், ஆறு வருடமாகிவிட்டது. சோனகர் கடையில் சாப்பிடுகிறான் என்று என் தமக்கைக்குக் குறை. அவள் வந்து சமைத்துத் தரட்டுமே, பார்ப்போம்.

கடை வைக்குமுன் அவர் எங்கள் கம்பனித் தண்ணீர்ப் படகில் வேலை செய்தவர். கிளாக்கர்மார் நாங்கள் இறங்குதுறைப் பக்கம் போவதேயில்லை, அதனால் அந்த நாளில் அவரைக் கண்டதில்லை. ஆனால் அந்தப் படகுக் கதைகள்! இன்று, ஒரு கப்பல் கப்டனின் குரங்கு குழாயைத் திருப்பி எல்லாரையும் நனைத்த கதை. அரை மணித்தியாலம் சிரித்தேன். ஒரு நாளில் நான் வாய் திறந்து கதைப்பது அந்த அரை மணித்தியாலம்தான்.

ஜனவரி 14, திங்கள்

தைப்பொங்கல். பொங்கவில்லை. யாருக்கு?

ஜனவரி 25, வெள்ளி

அபூதாஹிரும் பிரஜாவுரிமைக்கு எழுதியிருக்கிறாராம். தொண்டியிலிருந்து பதினாறு வயதில் வந்தவர். மனைவி ஜெமீலா கிண்ணியாக்காரி, ஆனால் பிள்ளைகளுக்குத் தகப்பன் வழிதானாம் கணக்கு.

"விசாரணைக் கடிதம் உங்கட மேசைக்குத்தானே ஐயா வரும்" என்றார்.

"வந்தால் பார்ப்பேன்" என்றேன்.

"என்ட வில்லை நானூத்தி முப்பத்தேழு. மறந்திடாதையுங்கோ."

மறப்பதா? நான் என்ன, ஞாபகத்திலிருந்தா பதில் எழுதுகிறேன்?

பெப்ரவரி 6, புதன்

வந்துவிட்டது. அபூதாஹிர், 437.

ஐந்தாவது லாச்சி. 436 இருக்கிறது. 438 இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. கொடுக்கப்படாத இலக்கங்களும் உண்டுதான், அதில் புதுமையில்லை. இன்னொரு தரம் பார்த்தேன். வேறு யாருக்கும் இரண்டாம் தரம் பார்ப்பவனல்ல நான். இல்லை.

பதில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம்.

பெப்ரவரி 7, வியாழன்

எழுதினேன். இல்லை. ஒரு சொல், அதன் கீழ் என் கையெழுத்து.

மத்தியானம் கடைக்குப் போனேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "கடிதம் வந்ததோ?"

"வந்தது."

"என்ன எழுதினியள்?"

"உள்ளதை எழுதினேன்."

சிரித்தார். "உள்ளதை எழுதினாக் காணும் ஐயா. அதுக்கு மேல என்ன வேணும்?"

என்ன நடிப்பு! எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெப்ரவரி 8, வெள்ளி

போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. சோற்றில் கல்.

பெப்ரவரி 13, புதன்

யோசித்துப் பார்க்கிறேன். குரங்குக் கதை, கப்பலின் சீனச் சமையற்காரன் கதை, புயலில் படகு அறுந்து கிண்ணியாப் பக்கம் ஒதுங்கிய கதை. எல்லாம் யாரோ சொல்லக் கேட்டு அவிழ்த்துவிட்டவை. துறைமுக வாசலில் தேத்தண்ணி ஊற்றுபவனுக்குப் படகுக் கதைக்கா பஞ்சம்? ஆறு வருடம் ஒரு பொய்யன் முன்னால் உட்கார்ந்து வாயைப் பிளந்திருக்கிறேன்.

ஒருவேளை அந்தப் பருப்பும் இதற்காகத்தானா? கிளாக்கரைக் கையில் வைத்திருக்கலாம் என்றா? அப்படி நினைக்க வெட்கமாக இருக்கிறது. நினைக்காமலிருக்கவும் முடியவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

இன்று யாருடனும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வாசல் காவற்காரனுக்குத் தலையாட்டியதைச் சேர்க்காவிட்டால்.

ஏப்ரல் 4, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் அபூதாஹிர் கடைப் பலகை பூட்டியிருக்கிறது. நல்லது. அந்த வழியால் நிமிர்ந்து நடக்கலாம்.

மே 2, வியாழன்

நேற்று நோன்புப் பெருநாள். ஒவ்வொரு வருடமும் ஜெமீலாவின் கையால் வட்டிலப்பமும் இறைச்சிச் சோறும் அறைக்கு வரும். நேற்றுக் காலையிலிருந்து கதவைத் திறந்தே வைத்திருந்தேன். எதற்கு? வந்திருந்தால் திருப்பியல்லவா அனுப்பியிருப்பேன்.

திருப்பி அனுப்பியிருப்பேனா?

மே 22, புதன்

வாசலில் ஒரு பொம்பிளை நிற்கிறார், உங்களைத்தான் கேட்கிறார் என்று காவற்காரன் வந்து சொன்னான். ஜெமீலா. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"மறுத்துக் கடிதம் வந்திட்டுது ஐயா. மூண்டு மாசத்துக்குள்ள புது அத்தாட்சி குடுக்காட்டி அவர் இந்த நாட்டு ஆளில்லையாம். இந்தியாவுக்குப் போகட்டுமாம். அங்க அவருக்கு ஆரிருக்கினம்? வாப்பா உம்மா மவுத்தாகி எத்தினை வருஷம்."

நிழலுக்கு வரச் சொன்னேன். வரவில்லை.

"நாலு பிள்ளையள். மூத்தவள் றஹ்மா. பள்ளிக்கூடத்தில பாரம் நிரப்பக் குடுத்திருக்கினம். எந்த நாட்டுப் பிள்ளையெண்டு எழுதிறது?"

"கார்ட் இல்லை, பிள்ளை. இல்லாததை நான் எப்படி உண்டென்று எழுதுவது?"

"கார்ட் இல்லை. மனிசன் இருக்கிறார்தானே ஐயா" என்றார்.

என்னிடம் வரச்சொன்னது அபூதாஹிர் இல்லையாம், தான் வந்தது தெரிந்தால் அவர் கோபிப்பாராம். போய்விட்டார். கெட்டிக்காரி, கதைக்கத் தெரிந்தவள் என்று மேசைக்குத் திரும்பி வந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது லாச்சியை இன்னொரு தரம் இழுத்தேன். 436. 438.

ஜூன் 5, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை ஒக்டோபரில் போகிறது, கம்பனியும் அதோடு மூடுகிறது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் ஒரு கிளாக்கர் வேலைக்கு எழுதியிருக்கிறேன், நற்சாட்சிப் பத்திரம் வேண்டும். "உம்முடைய கார்ட்டைக் கொண்டாரும், சேர்ந்த திகதி பார்த்து எழுதுவம்" என்றார் கோணாமலை. வாசலில் காட்ட எங்களுக்கும் வில்லை உண்டு, எங்களுக்கும் கார்ட் உண்டு. என் இலக்கம் 412. ஐந்தாவது லாச்சி. இழுத்தேன். 411. 413.

நான் இல்லை.

இருபத்தொன்பது வருடம் இந்தக் கந்தோரில் இருக்கிறன். இந்த லாச்சிக்கு எண்ணெய் போட்டவன் நான். நான் இல்லையாம்!

முதலில் சிரிப்புத்தான் வந்தது. விசாரணைக் கந்தோர் என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் நானே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருப்பேன். பிறகு அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன். நான் இருக்கிறேன் என்பது எனக்கு நிச்சயம். அப்படியானால் பொய் சொல்வது லாச்சி. எத்தனை நாளாக? எத்தனை பேரைப் பற்றி?

ஜூன் 6, வியாழன்

இரவு முழுக்க யோசித்ததில் நினைவுக்கு வந்தது. நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதம். யப்பான்காரன் குண்டு போட்ட அன்று ஊரே ஓடியது. நானும் இரத்தினேஸ்வரியும் சாம்பல்தீவு வரை நடந்து, அங்கிருந்து வண்டியில் திரியாய்க்குப் போனோம். பத்து நாள் கழித்துத் திரும்பினால், ஓடிய ஓட்டத்தில் பலர் வில்லையைத் தொலைத்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் துரை, கொடுக்காமல் கிடந்த இலக்கங்களில் புது வில்லை கொடுத்தான். எனக்கு எண்பத்தெட்டுப் போய் நானூற்றுப் பன்னிரண்டு.

அந்த ஆட்களின் கார்ட்டுகளில் பழைய இலக்கத்தை வெட்டிப் புது இலக்கம் எழுதியது யார்? நான்தான். சிவப்பு மையில், ஆறுதலாக, அழகாக. கார்ட்டை இருந்த இடத்தில் வைத்தபடியே எழுதினேன். எல்லாம் எழுதி முடித்தபின் புது இலக்கத்தின்படி லாச்சி மாற்றி அடுக்குவதாக இருந்தது. முடித்த அன்று எனக்கு மலேரியாக் காய்ச்சல். ஆறு கிழமை படுக்கை. திரும்பி வந்தபோது என்னை வேறு பிரிவில் போட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த கிளாக்கர் அடுக்கியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் அடுக்கிவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். அன்றாட வேலைக்கு, ஆள் வந்ததைக் குறிக்கும் வரவுப் புத்தகம் இருந்தது. இந்தப் பிரஜாவுரிமைக் கடிதங்கள் வரும்வரை கார்ட்டை யாரும் தேடவுமில்லை.

ஆக, கார்ட்டில் ஓர் இலக்கம், கார்ட் இருப்பது இன்னொரு இலக்கத்தின் இடத்தில். நான் புது இலக்கத்தின் இடத்தில் போய் நின்று இல்லை, இல்லை என்று...

ஜூன் 8, சனி

அரை நாள் வேலை. எல்லாரும் போனபின் முதலாம் லாச்சியை முழுதாக வெளியே எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக. எண்பத்தெட்டாவது இடத்தில் நான் இருந்தேன். 88 வெட்டியிருக்கிறது, மேலே 412. என் கையெழுத்தில் என் பெயர். செத்துப்போன ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

காவற்காரனிடம் கெஞ்சி உள்ளே போனேன். இரண்டாம் லாச்சி. 163 வெட்டி 437. அபூதாஹிர், பிறந்த இடம் தொண்டி, தண்ணீர்ப் படகு, 1930 – 1948. பெருவிரல் அடையாளம்கூட இருக்கிறது, மை மங்கவில்லை.

எல்லாம் உண்மை. குரங்குகூட உண்மையாக இருக்கும்.

உண்டு என்று சொல்ல ஒரு கார்ட்டைக் கண்டால் போதும். இல்லை என்று சொல்வதென்றால் இரண்டாயிரத்து நானூற்றையும் பார்த்திருக்க வேண்டும். நான் இரண்டு கார்ட்டுக்கு நடுவில் ஓர் இடைவெளியைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். அரை நிமிடத்தில். அந்த அரை நிமிடத்தைப் பற்றி எனக்குப் பெருமை வேறு.

ஜூன் 10, திங்கள்

கடைக்குப் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு. ஆள் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு போட்டது, வில்லை மாறியது, என் சிவப்பு மை.

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தபின் சொன்னார்:

"ஓம், யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு மாத்தித்தான் தந்தவை. முந்தி நூத்தி அறுபத்திமூண்டு."

"இது உங்களுக்கு நினைவிருந்ததா?"

"ஏன் மறக்கிறன்? நீங்க கேக்கேல்லையே ஐயா." கரண்டியைக் கழுவினார். "கார்ட் காணேல்லை, அது பிழையில்லை. ஆருக்கும் வரும். நான் இஞ்சதானே நிண்டனான், உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு. ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாம். கேக்காமலே எழும்பிப் போனீங்க."

"பிழைதான். திருத்தி எழுதிறன், அபூதாஹிர்."

"எழுதுங்கோ" என்றார். இருக்கச் சொல்லவில்லை.

ஜூன் 12, புதன்

திருத்தக் கடிதம் எழுத வேண்டும் என்றதும் கோணாமலைக்கு முகம் கறுத்துவிட்டது. "உமக்கு விசரோ பாக்கியம்? இன்னும் நாலு மாசம். ஒரு கடிதம் பிழையெண்டு எழுதினா எல்லாக் கடிதத்தையும் கிளறுவினம். துரை கையெழுத்து வைக்கமாட்டார், எனக்கு ஏலாது. நற்சாட்சியையும் ஒருக்கா யோசியும்."

யோசித்தேன். நாள் முழுக்க அதைத்தான் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நான் பெரிய தர்மவான் ஒன்றுமில்லை. ஐம்பத்துமூன்று வயதில் வேலை இல்லாமல் அந்த அறைக்குள் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

கடிதப் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். இந்த இரண்டு வருடத்தில் அறுபத்துநாலு பேருக்கு "இல்லை" எழுதியிருக்கிறேன். அதில் பத்தொன்பது பேர் லாச்சியில் இருக்கிறார்கள்.

பத்தொன்பது.

கம்பனிக் கடதாசி இல்லாமல், சொந்தக் கடதாசியில், சொந்த விலாசத்தில் இருந்து விசாரணைக் கந்தோருக்கு எழுதினேன். பெயர்கள், இரண்டு இலக்கங்கள், பிழை யாருடையது என்பது. பதிவுத் தபாலில் போட்டாயிற்று.

ஜூன் 30, ஞாயிறு

மூடும்போது லாச்சி எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லியிருக்கிறதாம். இனி யாராவது கேட்டால்? இன்றிலிருந்து ஒவ்வொரு கார்ட்டாகக் கொப்பியில் பிரதி எழுதுகிறேன். சனி, ஞாயிறு. பெயர், ஊர், வெட்டிய இலக்கம், வெட்டாத இலக்கம், வேலை செய்த காலம்.

எந்த ஒழுங்கிலும் எழுதவில்லை. கைக்கு வந்தபடி. ஒழுங்கு வைத்தால் திரும்பவும் ஒழுங்கை நம்பிவிடுவேன்.

ஜூலை 14, ஞாயிறு

பத்தொன்பது பேரையும் தேடிப் போய்ச் சொல்கிறேன். பதினொரு பேர் முடிந்தது. ஒருவர் தேத்தண்ணி தந்தார். ஒருவர் கதவைச் சாத்தினார். சாத்தியவரில் எனக்குக் கோபமில்லை.

இன்று மூதூருக்கு லோஞ்ச் படகில் போனேன், முஹம்மது தம்பியைத் தேடி. வீட்டில் வேறு ஆட்கள். "அவங்க தலைமன்னாருக்குப் போய் மூணு கிழமை. அங்கயிருந்து கப்பல். பொஞ்சாதி பிள்ளையள் எல்லாரும். உங்கட கம்பனியில இருந்து இல்லையெண்டு வந்ததாம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பொம்பிளை.

மூண்டு கிழமை! நான் முந்தி மூதூருக்கு வந்திருக்கலாம். கிட்ட இருந்த ஆக்களிட்ட முதல் போய்க்கொண்டு நிண்டனான். ஏன்? வெயில், லோஞ்ச், சோம்பல். இதுக்கு என்ன செய்யிறது? இனி அவையளை எங்க தேடுறது?

அங்கே விலாசம் தெரிந்தவர் ஒருவருமில்லை. வாசலில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. அதைக் கண்ட பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் மீள்விசாரணை. அபூதாஹிர் சுவரோரம் பின்னுக்கு ஒரு வாங்குப் பலகையில் ஜெமீலாவோடு. உத்தியோகத்தர் இங்கிலீசில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை வேண்டும், அபூதாஹிருக்கும் நான் சொல்வது விளங்க வேண்டும்.

கார்ட்டைக் கொடுத்தேன். பெருவிரல் வைத்துப் பார்த்தார்கள். ஒத்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"ஆறு வருடமாக இவருடைய கடையில் சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கம்பனியில் வேலை செய்தவர் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கிறார்."

"நீங்கள் நம்பவில்லை?"

"லாச்சியை நம்பினேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, யாரோ சிரித்தார்கள். அபூதாஹிர் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது ஜெமீலா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அபூதாஹிர் நேரே நடந்து போய்விட்டார்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டதாம், அவருக்கும் பிள்ளைகளுக்கும். எனக்குச் சொன்னது வாசல் காவற்காரன். அபூதாஹிர் கடையில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தாராம். எனக்கு அவர் சொல்லி அனுப்பவில்லை.

மற்றப் பதினேழு பேரின் விசாரணை நடக்கிறது. கார்ட்டுகளைக் கச்சேரியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

இன்று கொடி இறக்கினார்களாம். நான் போகவில்லை. முந்தாநாள் பின்வளவில் லாச்சிகளைக் கொட்டி எரித்தார்கள். ஏழாவது கொப்பியின் கடைசிப் பெயரை எழுதி ஏழு நாள்தான் ஆகியிருந்தது.

நற்சாட்சிப் பத்திரம் தந்தார்கள். "பதிவேடுகளில் கவனக்குறைவு காணப்பட்டது" என்று ஒரு வரி. சீனன்குடா அவ்வளவுதான். வரியில் பொய்யில்லை, கோணாமலையைக் குறை சொல்ல ஏலாது.

நவம்பர் 9, சனி

கச்சேரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். சனி, ஞாயிறு ஆளில்லை. அறையில் இருந்தேன். மழை.

நவம்பர் 10, ஞாயிறு

மழை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஓர் ஆள் தேடி வந்தார். கரி ஏற்றியவராம், சத்தியக் கடதாசி வேண்டுமாம். "உங்களிட்ட ஏழு கொப்பி இருக்கெண்டு சொன்னவை." யார் சொன்னது என்றேன். தெரியாதாம், துறைமுகப் பக்கம் கேள்விப்பட்டாராம். மூன்றாம் கொப்பியில் இருந்தார். எழுதிக் கொடுத்தேன். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்காமல் விட்டோமே என்று அவர் போன பிறகுதான் நினைத்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்வது என்பதே மறந்துபோயிற்று.

1958 ஜனவரி 19, ஞாயிறு

இந்த மாதம் ஐந்து பேர். எல்லாருக்கும் கொப்பி எத்தனை என்றுகூடத் தெரிந்திருக்கிறது. கொப்பி எழுதும் விஷயத்தை நான் சொன்னது காவற்காரனிடம் மட்டும். காவற்காரன் காலையில் தேத்தண்ணி குடிப்பது எந்தக் கடையில் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று சந்தி வரை நடந்தேன். திரும்பிவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டியது. ஒரு கிழவர், ஜமால்தீன் என்று பெயர். அவருக்குப் பின்னால் அபூதாஹிர்.

"இவருக்குத் தனிய வர ஏலாது. கண் தெரியாது. அதான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

இருக்கும் ஒரு கதிரையைக் கிழவருக்குக் கொடுத்தேன். அபூதாஹிர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். வில்லை இலக்கம் கிழவருக்கு நினைவில்லை. எப்போது வந்தீர்கள், யார் கங்காணி, கூட வேலை செய்தது யார், குண்டு போட்ட அன்று எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அவ்வளவும் கேட்டபின் முதலாம் கொப்பியைத் திறந்தேன். முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராக, விரல் வைத்து.

இரண்டாம் கொப்பி நடக்கும்போது அபூதாஹிர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அஞ்சாவதை நான் பாக்கிறன், தாங்கோ" என்றார். கொடுத்தேன். இரண்டு பேரும் வாசித்தோம். பன்னிரண்டரைக்கு ஏழும் முடிந்தது. நான் பார்த்ததை அவரும், அவர் பார்த்ததை நானும் மாற்றி இன்னொரு தரம் பார்த்தோம்.

ஜமால்தீன் அதில் இல்லை. அந்த நாளில் கரிக்கு இன்னொரு கம்பனியும் இருந்தது. அவர் அங்கே வேலை செய்திருப்பார் போலிருக்கிறது.

"இல்லை ஐயா" என்றேன். இந்தச் சொல்லை எத்தனை தரம் எழுதியிருப்பேன்! இன்று, கேட்ட ஆளின் முகத்தைப் பார்த்து வாயால் சொன்னேன். அந்த மற்றக் கம்பனிக் கிளாக்கர் ஒருவர் உப்புவெளியில் இருக்கிறார், நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன்.

கிழவர் தடவித் தடவி என் கையைப் பிடித்து, "பறவாயில்லை மகன்" என்றார்.

அபூதாஹிர் கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "அண்டைக்கு இப்பிடிப் பாத்திட்டு இல்லையெண்டு எழுதியிருந்தா, நான் கோவிச்சிருக்க மாட்டன்."

நான் எழுந்து கிழவரின் செருப்பை வாசலில் எடுத்து வைத்தேன்.

கிழவரை ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன். எங்கே சாப்பிடுவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று பேருமாகக் கடைப் பக்கம் நடந்தோம்.